ஆள் நிமிர்ந்து நிற்கும் கோழிக்கூடு

மாதா துணை

நெடுந்தீவு மேற்கு
11.02.2024

அன்புள்ள டிலானுக்கு,

யூலியட் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகம் எப்படி? இருமல் விட்டுவிட்டதா? அருளம்மா மச்சாளிடம் பனங்கட்டி கொடுத்துவிட்டேன். தன் தம்பிக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னா. கைக்கு வந்ததும் எழுதுங்கள்.

இந்தமுறை ஒரு புது விசயம். கோழி வளர்க்கப் போகிறேன். சிரிக்காதீர்கள். முருங்கையில் ஏறிப் படுக்கிற கோழிகளைச் சொல்லவில்லை. அவற்றை நாய் கொண்டுபோய்விட்டது, மிஞ்சியது கிழட்டுச் சேவல் மட்டும். கால்நடை வைத்தியர் பகுதியில் இருந்து வீட்டுக்கு இருபத்தைந்து குஞ்சு கொடுக்கிறார்களாம். ஆனால் ஒழுங்கான கூடு இருக்க வேண்டும். "ஆள் உள்ளுக்குப் போய்க் கூட்டக்கூடிய கூடா இருக்கோணும் அக்கா. இல்லாட்டி நாய்க்குத்தான் நாங்கள் குஞ்சு குடுத்த மாதிரி" என்று விசாரிக்க வந்த பிள்ளை சொன்னாள்.

மன்னாரில் இருந்து என் அண்ணை வந்து போனார். நீங்கள் பிடிபட்டு ஒரு வருசமாகிறது, பிள்ளை குட்டியும் இல்லை, நான் ஏன் இங்கே தனியக் கிடக்கிறேன் என்பது அவருடைய கேள்வி. "வீட்டைப் பூட்டிப்போட்டு என்னோட வா. கடலுக்குப் போற ஆம்பிளை இல்லாமல் இஞ்ச என்னத்தைத் தின்னப்போறாய்?" என்றார். நான் மாட்டேன் என்றேன். நீங்கள் விடுதலையாகி வந்து இறங்கும்போது வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது. அதுவரைக்கும் சீவிக்க ஒரு வழி வேண்டும், அதுதான் கோழி.

எப்படிக் கட்டுவது என்று விளக்கமாக எழுதுங்கள். மே இருபத்திரண்டாம் திகதி வழக்குக்குக் கட்டாயம் வருவேன். உங்கள் படகில் எடுத்த கஞ்சாப் பொதி உங்களுடையது அல்ல என்பது அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கிவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
யூலியட்

*

10.03.2024

அன்புள்ள யூலியட்டுக்கு,

நீர் சுகமாக இருப்பீர் என்று நம்பி இதை எழுதுகிறேன். நான் சுகம். இருமலும் விட்டுவிட்டது. பனங்கட்டியை அக்கா கொண்டுவந்து தந்தா. என்னோடு இருக்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு கடித்துவிட்டு உமக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். இங்கே கடிதங்களை வாசித்துப் பார்த்துத்தான் தருவார்கள். தமிழ் வாசிக்கிற ஐயா லீவில் நின்றதால் உமது கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. அதற்குள் நீர் கோணல் மாணலாய் எதையாவது கட்டிவிட்டீரோ என்று எனக்குப் பயம்.

கவனமாக வாசியும். இடம், கிணற்றடிக்குப் பின்னால் பூவரசுக்கும் மதிலுக்கும் நடுவே. பனஞ்சலாகையில் எட்டுக் கால் நட வேண்டும். சின்னக்குட்டியண்ணையைப் பிடியும். மாட்டுக்கொட்டில் போட்டுப் பழகிய கை. காலைச் சுற்றிவர முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கும், எங்கள் வளவு மதில் மாதிரியே, சாந்து பூசாமல். கல்லுக்கு நெடுந்தீவில் பஞ்சமா? அதற்கு மேலே கூரை வரைக்கும் வலை. தென்மேற்கே, சோளகக் காற்று வருகிற பக்கம் மட்டும் ஓலை வரியும். கதவு கிழக்கே இருக்கட்டும்.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உமது உயரத்துக்குக் கட்டினால் நாளைக்கு நான் உள்ளே போய்க் கூட்டும்போது மண்டை இடிக்கும். எனக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கட்டும்.

வலைக்கு, வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் கிடக்கிற பழையதை எடும். அறைக்குள் கூரை வளையில் தொங்குகிற புது வலையில் கை வைக்கக்கூடாது. அது இன்னும் ஒழுங்காகக் கடல் காணவில்லை. வந்த அடுத்த நாளே அதோடுதான் இறங்குவேன். எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ளும்.

லோயர் நல்லபடியாகத்தான் கதைக்கிறார். நீர் யோசிக்க வேண்டாம். கிழட்டுச் சேவலையும் கேட்டதாகச் சொல்லும்.

அன்புடன்
டிலான்

*

நெடுந்தீவு மேற்கு
31.03.2024, உயிர்த்த ஞாயிறு

அன்புள்ள டிலானுக்கு,

திருநாள் வாழ்த்துகள். இரவுப் பூசையில் உங்களுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். நான் சுகம், சேவலும் சுகம், நீங்கள் கேட்டதைச் சொன்னேன், அது கவனிக்கவே இல்லை.

எட்டுக் காலும் நட்டாயிற்று. சின்னக்குட்டியண்ணை உயரத்தைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, இது கோழிக்கோ, குதிரைக்கோ?" என்றார். இப்போது தெருவால் போகிறவர்கள் எல்லாருக்கும் இதுதான் பகிடி. குதிரை எப்ப வருகுது யூலியட் என்கிறார்கள். நானும் சளைக்கவில்லை. "அவர் வந்து நிக்கப்போற கூடு, அவரின்ர உயரத்துக்குத்தான் வரும்" என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்றும் எனக்கு விளங்கவில்லை, நான் சிரிக்கத்தான் சொன்னேன்.

கல் நானே அடுக்குகிறேன். கையெல்லாம் உரஞ்சிப் போயிற்று. பழைய வலை இரண்டு பக்கத்துக்குத்தான் காணும் போலக் கிடக்கிறது. ஓலைப் பக்கம் போக இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது, கதவும் இருக்கிறது. அதற்குக் கம்பிவலை யாழ்ப்பாணத்தில் இருந்து எடுக்கவேண்டும். இப்போதைக்குத் தென்னோலைக் கிடுகைக் கட்டி மறைக்கிறேன்.

புது வலையை உதறி, வேப்பம் இலை போட்டு, பழையபடி தூக்கிவிட்டேன். எலி கிட்டவும் போகாது.

உங்கள்
யூலியட்

*

02.05.2024

அன்புள்ள யூலியட்டுக்கு,

சுகமா? நான் சுகம். நீர் கல் அடுக்குகிறதை நினைத்துச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அடுக்கும்.

கிடுகு காணாது. கீரி கிடுகைப் பிரித்துக்கொண்டு போகும். கம்பிவலைக்குச் சுணங்க வேண்டாம். உப்புக்காற்றில் அது ஒரு வருசம்தான் தாங்கும், பரவாயில்லை, அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொள்வேன்.

இருபத்திரண்டாம் திகதி வாரும். கலியாணத்தின் மறுநாள் உடுத்தீரே, அந்த நீலச் சேலையில் வாரும். கூண்டில் நிற்கிறபோது ஆட்களுக்குள் உம்மைத் தேடிப் பிடிக்க வேண்டும். உம்மைக் கண்டால் எனக்குப் போதும்.

அன்புடன்
டிலான்

*

நெடுந்தீவு மேற்கு
02.06.2024

அன்புள்ள டிலானுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நான் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது.

நான் வரவில்லை. இருபதாம் திகதி தொடங்கிய காற்று. படகு கட்டின இடத்திலேயே கிடந்தது. நீலச் சேலையோடு துறையடியில் இரண்டு நாள் காலையிலும் போய் நின்றேன். "தங்கச்சி, இந்தக் கடலுக்குள்ள ஒருத்தரும் விடமாட்டினம், வீட்டை போ" என்றார்கள். ஆட்களுக்குள் என்னைத் தேடியிருப்பீர்கள். அதை நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. லோயருக்குத் தொலைபேசி எடுத்தால் "வழக்கு நடந்துகொண்டிருக்குது அம்மா" என்கிறார். அன்றைக்கு என்ன சொன்னார்கள்? உடனே எழுதுங்கள்.

குஞ்சுகள் வந்துவிட்டன. வந்த மூன்றாம் நாளே நாலு போய்விட்டது. கிடுகால் வந்த கீரி என்றுதான் நினைத்தேன். கிடுகு பிரியவே இல்லை. சின்னக்குட்டியண்ணையும் நானும் தேடிப் பார்த்தால், கீரி வெளியில் இருந்து வரவில்லை. நாங்கள் அடுக்கிய கல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது! சாந்தில்லாத கல் அல்லவா, உள்ளே பொந்து பொந்தாக இடம். நெடுந்தீவான் எதைக் கட்டினாலும் மதில் மாதிரித்தான் கட்டுவான் என்று அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள், அவரும் அப்படித்தான் அடிபோட்டார், நானும் கைத்தோல் போக அதைத்தான் அடுக்கினேன். கல் முழுவதையும் பிரித்துக் கொட்டிவிட்டோம். குஞ்சுகள் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், என்னோடு இருக்கின்றன. இனி எப்படிக் கட்டுவது?

மன்னார் அண்ணை தொலைபேசியில் திரும்பவும் கேட்டார். மாட்டேன் என்றேன்.

உங்கள்
யூலியட்

*

14.07.2024

அன்புள்ள யூலியட்டுக்கு,

நீர் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். பதில் எழுதச் சுணங்கிவிட்டது. காற்றுக்கு நீர் என்ன செய்வீர்? அதைப் பற்றி யோசித்துச் சாப்பிடாமல் இருக்க வேண்டாம்.

கூடு இப்படிக் கட்டும். கல் வேண்டாம். அறைக்குள் இருக்கிற புது வலையை இறக்கும். மிதப்புக்கட்டையையும் ஈயத்தையும் கழற்றிவிட்டு வெட்டும். சுற்றிவர இரட்டையாய் மடித்துக் கட்டும். கீழே ஒரு முழம் மிச்சம் விட்டு, அதை வெளிப்பக்கம் நிலத்தோடு படுக்க விரித்து, மேலே மண் போட்டு மிதியும். தோண்டிப் பார்க்கிற கீரியின் நகம் வலையில் சிக்கினால் பிறகு அந்தப் பக்கம் வராது. அது நல்ல தடித்த நூல், வெயிலுக்கும் உப்புக்கும் கனகாலம் நிற்கும். கம்பிவலைக்குக் காசைக் கரைக்க வேண்டாம்.

கூரையையும் இறக்கும். அவ்வளவு உயரம் தேவையில்லை, காற்று பிடிக்கும். உமது தலை தட்டாமல் இருந்தால் போதும்.

படகையும் எஞ்சினையும் யாராவது கேட்டால் அக்காவோடு கதைத்துச் செய்யும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

டிலான்

*

நெடுந்தீவு மேற்கு
28.07.2024

டிலானுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நான் யாருடைய மகள் என்று மறந்துவிட்டீர்களா? எங்கள் அப்பா கடலோடு போனபோது, கரையில் இருந்த அவருடைய வலையை என்ன செய்தோம்? திரும்பி வராதவனின் வலையோடு எங்கள் கரையில் ஒருவரும் கடலுக்கு இறங்கமாட்டார்கள். அம்மா அதை வெட்டிக் கத்தரித் தோட்டத்துக்கு வேலி கட்டினா. உயிரோடு இருக்கிற ஒருவனின் புது வலையை வெட்டி நான் கண்டதில்லை. எலி கடிக்காமல் பாரும் என்று எழுதின அதே கைதானே இப்போது வெட்டும் என்று எழுதுகிறது?

உயரம் தேவையில்லையாம். எஞ்சினைக் கொடுக்கட்டாம். கீரிக்கு மட்டும் இவ்வளவு விளக்கம். மே இருபத்திரண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அன்றைக்கு என்ன நடந்தது? நேரே எழுதுங்கள். நான் வலையிலும் கை வைக்கவில்லை, கூரையிலும் கை வைக்கவில்லை.

யூலியட்

*

நெடுந்தீவு மேற்கு
01.09.2024

அன்புள்ள டிலானுக்கு,

உங்களிடம் இருந்து பதில் வரவில்லை. இனி அந்தக் கேள்விக்கு எழுதவும் வேண்டாம்.

காற்று விழுந்ததும் மச்சாளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். லோயரின் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, சொல்லாமல் எழும்பமாட்டேன் என்றேன். "ஆயுள்தண்டனை அம்மா. மே மாதமே குடுத்திட்டினம். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு அவர் கையைப் பிடிச்சுக் கேட்டவர்" என்றார். மேன்முறையீடு செய்யலாமாம். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம் என்றும் அவரே சொன்னார். அழுத மச்சாளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் துறையடியில் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் உங்களுக்கு ஆயுள் கொடுத்திருக்கிறார்கள். அதன்பிறகு உங்கள் கடிதம் வரும்வரை இரண்டு மாதமாக நான் குஞ்சுக்குத் தவிடு குழைத்துக்கொண்டு, நீங்கள் வந்ததும் எந்தக் கோழியை அடிப்பது என்று யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. உங்கள்மேல் கோபமா, நீதிபதிமேலா, காற்றின்மேலா என்று பிரித்துச் சொல்லவும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் எழுதுங்கள். நான் இனி என்ன செய்யட்டும்?

யூலியட்

*

06.10.2024

அன்புள்ள யூலியட்டுக்கு,

நீர் எப்படி இருக்கிறீர் என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்?

தீர்ப்பு வாசித்தபோது நீர் அங்கே இல்லாதது நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எத்தனையோ தரம் எழுதத் தொடங்கினேன். கூட்டைப் பற்றி எழுதினால் கை ஓடும், இதைப் பற்றி எழுதினால் ஓடாது.

பொதி யாருடையது என்று சொன்னால் தண்டனை குறையலாம் என்றார்கள். அந்த ஆள் இருக்கிற தீவில்தானே நீரும் தனிய இருக்கிறீர் என்று யோசித்தேன். வாயைத் திறக்கவில்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்டீர். அண்ணையோடு மன்னாருக்குப் போம். கோழிகளை அக்காவுக்குக் கொடும். உமக்கு முப்பத்தொரு வயது. நான் வருவேன் என்று இருந்தீர், நான் வரமாட்டேன். இதை எழுதி முடிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. இனிப் பதில் எழுதச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

மாதா உம்மோடு இருப்பா.

டிலான்

*

நெடுந்தீவு மேற்கு
19.01.2025

அன்புள்ள டிலானுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று மச்சாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னா. இவ்வளவு நாளும் எழுதாமல் விட்டது உடம்புக்கு வருத்தம் வந்து அல்ல. எழுத உட்கார்ந்தால் நடுவில் அழுகை வரும், கிழித்துவிடுவேன்.

உங்கள் கடிதம் வந்த கையோடு நான் மன்னாருக்குப் போகவில்லை. போம் என்று நீங்கள் எழுதினபடியால்தான் போகவில்லை என்று நினைக்கிறேன். உங்களுக்காக இருந்ததை உங்கள் சொல்லுக்காக விட எனக்குப் பிடிவாதம் விடவில்லை. வலையை இறக்கினேன். ஒரு பகல் முழுக்கக் கத்தியை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பின்னேரம் மச்சாள் வந்து "நான் பிடிக்கிறன், நீ வெட்டு" என்றா. வெட்டினேன். நீங்கள் எழுதினபடியே இரட்டையாய் மடித்து, கீழே விரித்து, மண் போட்டு மிதித்தேன். கூரையை இறக்கவில்லை. அதற்குக் காரணம் ஒன்றுமில்லை, சின்னக்குட்டியண்ணைக்கு இனி ஏணியில் ஏற ஏலாது.

மார்கழி மழையையும் காற்றையும் தாங்கிவிட்டது. கீரி ஒன்றையும் எடுக்கவில்லை. பேடுகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. துறையடித் தேத்தண்ணிக்கடைக்கும் பள்ளிக்கூட ரீச்சர்மாருக்கும் முட்டை போகிறது. நாள்தோறும் வீட்டு வாசலுக்கும் ஆட்கள் வருகிறார்கள். காசை நீட்டுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கிறேன், பொதிக்காரன் இவரோ என்று. பிறகு முட்டையை எண்ணிக் கொடுக்கிறேன். குஞ்சு தந்த பிள்ளை வந்து படம் எடுத்துக்கொண்டு போனாள். "இதுதான் அக்கா தீவிலேயே நல்ல கூடு, மற்ற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டட்டோ?" என்றாள். காட்டு என்றேன்.

பாலன் பிறந்த நத்தாருக்கு மன்னார் அண்ணை வந்தார். கூட்டுக்குள் போய் நடந்து பார்த்தார், கையை உயர்த்திக் கூரையைத் தொட்டார். முட்டைக் கூடையைப் பார்த்தார். நான் கோழி அடித்துக் கறி வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு வந்தார். பிறகு, "நான் உன்னைக் குறைச்சு நினைச்சிட்டன் பிள்ளை. நீ இஞ்ச இருந்து சீவிச்சிடுவாய். இனி வா எண்டு கேட்டு உன்னைக் கரைச்சல் படுத்தமாட்டன்" என்றார். எனக்காகச் சந்தோசப்பட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் துறையடி வரைக்கும் கூடப் போனேன். இருபது முட்டையை உமிக்குள் அடுக்கிக் கட்டிக் கொடுத்தேன். படகு வெளிக்கிடச் சுணங்கியது. ஏறும் மட்டும் அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். மழையைப் பற்றிக் கதைத்தார், கூனி இறால் விலையைப் பற்றிக் கதைத்தார். ஒருதரம், ஒரேயொரு தரம் வா என்று கேட்டிருந்தால் உடுத்த உடுப்போடு ஏறியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். இருமல் திரும்ப வராமல், சுடுதண்ணீர் கிடைத்தால் குடியுங்கள்.

யூலியட்